புதுப்பிப்பு: பயிற்சியாளரின் பழைய இனவசைப் பேச்சு, புகார் என்ன ஆனது?

எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் பயிற்சியாளர் பல ஆண்டுகளுக்கு முன் வீரர்களின் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதையும், "பழைய கதை, இப்போது எதற்கு?" என்று நிர்வாகம் தட்டிக்கழித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்த யோசனை இதுதான்: பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாக, காலம், இடம், உடனிருந்தவர் விவரத்துடன் எழுதித் தருவது. கூட்டுக் கடிதமாக இருந்தால் யாரோ தூண்டிவிட்டதாகச் சொல்லி ஒதுக்கியிருப்பார்கள். ஒருவர் இங்கே சுட்டிக்காட்டிய பில் பீட்டர்ஸ் விவகாரத்தையும் இணைத்தோம். ஐஸ் ஹாக்கி வீரர் அகிம் அலியு, சுமார் பத்தாண்டுகளுக்கு முன் பீட்டர்ஸ் தன்னிடம் இனவசைச் சொல்லைப் பயன்படுத்தியதாக 2019 நவம்பரில் வெளிப்படுத்தினார். சில நாட்களிலேயே கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து பீட்டர்ஸ் விலகினார். அதைப் படித்த பிறகு காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை நிர்வாகம் எடுக்கவே இல்லை.

சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரித்தார். பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார், இளையோர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

எதிர்பாராதது ஒன்று: பாதிக்கப்பட்டவர்களில் சிலர் பொது மன்னிப்பை விரும்பவில்லை, தங்கள் பெயரும் அடிபடும் என்பதால். எனவே அவர்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பீட்டர்ஸ் 2023-இல் கனடாவில் ஓர் இளையோர் அணிக்கே மீண்டும் பயிற்சியாளரானார். அதனால், எங்கள் பயிற்சியாளரைப் பற்றி வேறு சங்கம் விசாரித்தால் காட்டும்படி, முடிவை எழுத்தில் பதியவைத்திருக்கிறோம்.