தற்காலிக நர்ஸுக்கு முதல் நாளே வார்டைக் கொடுக்கலாமா?

பாலக்கோடு சிஸ்டர்:
ஒன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். போன வருடம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே நைட் டியூட்டி. ஏழரைக்குப் போனேன், எட்டு மணிக்கு 22 படுக்கை என் பொறுப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ரத்தச் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் மருந்து) 25 சதவீதம் நரம்பில் போடவேண்டும் என்று எனக்குத் தெரியும், அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. எமர்ஜென்சி டிராலியின் எல்லா டிராயரையும் இழுத்துப் பார்த்தேன், இல்லை. கடைசியில் ஆயாம்மாதான் மருந்து அலமாரியைக் காட்டினார். அதன் சாவி அடுத்த வார்டு சிஸ்டரிடம்! பெரியவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

வெளியிலிருந்து வருபவருடன் முதல் இரண்டு ஷிஃப்டாவது ஒரு பழைய சிஸ்டர் இருக்கவேண்டும்.

ஓசூர் சூப்பர்வைசர்:
நீங்கள் பட்டது பெரிய கஷ்டம் சிஸ்டர். ஆனால் தற்காலிக ஆளைக் கூப்பிடுவதே ஆள் இல்லாமல்தான். இருவர் பிரசவ விடுப்பு, ஒருவர் பெங்களூரு போய்விட்டார். மிச்சம் இருப்பவரையும் புது ஆளோடு அனுப்பினால் வார்டை யார் பார்ப்பது? ஒருவருக்கு மூன்று நாள் எல்லாம் காட்டிக் கொடுத்தேன், நான்காம் நாள் அவர் வரவே இல்லை. அமெரிக்காவில் டிராவல் நர்ஸ்கள், அதாவது ஊர் ஊராகப் போய் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்கள், பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஒன்றிரண்டு ஷிஃப்டிலேயே தனியாக நோயாளிகளை எடுத்துக்கொள்கிறார்கள். அனுபவசாலி என்றுதானே எடுக்கிறோம்?

அரூர் தம்பி:
சார், அந்த ஒன்றிரண்டு ஷிஃப்டைத்தானே அக்காவும் கேட்கிறார்? அங்கே ஆள் வந்து சேருவதற்கு முன்பே, நர்ஸ்களை அனுப்பி வைக்கும் ஏஜென்சி எந்தெந்த வேலை தெரியும் என்று பட்டியல் வாங்கிவிடும், மருந்துக் கணக்கில் தேர்வும் வைப்பார்கள். இங்கே சான்றிதழ் நகலோடு சரி.

நான் எமர்ஜென்சியில் இருக்கிறேன். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் மில்லிக்கு 40 யூனிட் பாட்டில், இன்னொரு இடத்தில் 100. நூறு யூனிட் மருந்தை நாற்பதுக்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இந்த மருத்துவமனையில் எது என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். அப்புறம் பாம்புக்கடி. நம் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. நகரத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர் குழந்தைதானே என்று பாதி எடுத்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல அனுபவசாலிதான், பாம்புக்கடி அவருக்குப் பழக்கமில்லை.

ஓசூர் சூப்பர்வைசர்:
இன்சுலின் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். முதல் டியூட்டியை நைட்டில் போடவேண்டாம் என்று நானே எழுதி வைக்கிறேன். வரும்போதே அரை நாள் வார்டைச் சுற்றிக் காட்டலாம்: டிராலி, ஆக்சிஜன், சாவி, ராத்திரியில் எந்த டாக்டரை எந்த நம்பரில் கூப்பிடுவது. இரண்டு முழு ஷிஃப்ட் என்னால் முடியாது. அந்த இரண்டு நாளுக்கு வேலைக் கணக்கில் சேராத ஒருவருக்கு நிர்வாகம் சம்பளம் தராது.

பாலக்கோடு சிஸ்டர்:
பொது வார்டுக்கு அரை நாள் என்றால் சரி சார், அதுவே பெரிய மாற்றம். கம்ப்யூட்டருக்கு அவரவர் பெயரில் லாகினும் அன்றைக்கே கொடுங்கள். எனக்கு ஒரு வாரம் வேறொருவர் பெயரில்தான் மருந்து பதிவானது, தப்பு நடந்திருந்தால் அந்தப் பெண் மாட்டியிருப்பாள். ஆனால் ஐசியூவுக்கும் எமர்ஜென்சிக்கும் இரண்டு ஷிஃப்ட் கட்டாயம் வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன். சம்பளம் யார் தருவது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ஏஜென்சியிடம் பேசுங்கள் சார்.