நாய்க்குக் கணைய அழற்சி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மணியின் அம்மா, திருச்சி
எங்கள் பொமேரேனியன், ஒன்பது வயது. தீபாவளிக்கு மறுநாள். குழம்புக்கு அரிந்து ஒதுக்கின ஆட்டுக் கொழுப்பை மாமியார் பாசத்தில் தட்டோடு வைத்துவிட்டார். ராத்திரி வாந்தி ஆரம்பித்தது. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது அவன் நின்ற விதம். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான். விளையாடக் கூப்பிடுகிறான் என்று பந்தை உருட்டிவிட்டேன். அது மூக்கில் இடித்து நின்றது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். வயிற்று வலியில் நாய்கள் அப்படி நிற்கும் என்று காலையில் டாக்டர் சொன்னார். மூன்று நாள் டிரிப்ஸ், பிழைத்துவிட்டான். இன்று அவன் பந்தைத் துரத்தினாலும் அந்தப் பார்வைதான் ஞாபகம் வருகிறது.

மதுரையிலிருந்து
மாமியாரைச் சொல்லாதீர்கள். எங்கள் பக் நாய் கொழுப்பையே தொட்டதில்லை, அவளுக்கும் வந்தது. பல நாய்களுக்குக் காரணமே தெரிவதில்லை. ரத்தத்தில் அமைலேஸ் என்கிற கணைய நொதி நார்மல் என்று முதல் டாக்டர் வாந்தி ஊசியோடு அனுப்பிவிட்டார். இன்னொருவர் சிபிஎல் என்கிற, நாய்க் கணையத்துக்கான ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வண்டியில் வயிற்றைத் தொட்டபோது என் கையைக் கவ்வினாள். அழுத்தவில்லை, பல் பட்டது, அவ்வளவுதான். எட்டு வருடத்தில் முதல் தடவை.

தஞ்சாவூர்க்காரன்
எங்கள் லேப்ரடார் பிழைக்கவில்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு: இரண்டு நாள் பட்டினி போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பழைய முறை. வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு ஆரம்பிப்பதுதான் இப்போதைய வழக்கம். எப்போது, எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள். குழைந்த சாதம், தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, வேகவைத்த பூசணிக்காய். நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நெய், தேங்காய், பொரித்தது எதுவும் வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரூஃபன் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். குணமானாலும் திரும்ப வரலாம். கணையம் ரொம்பக் கெட்டால் சர்க்கரை நோயும் வரலாம். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், பிஸ்கட் கூட வேண்டாம் என்று.

மணியின் அம்மா, திருச்சி
மதுரை அண்ணா, மாமியாரை நான் குறை சொல்லவே இல்லை. மணிக்குக் கோழி வேகவைப்பது இப்போது அவர்தான். ஆறவைத்து, மேலே படிகிற கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுத்து, வெளிச்சத்தில் காட்டி, "இப்போ சரியா இருக்கா பாரும்மா" என்று என்னிடம் கேட்ட பிறகுதான் தட்டில் போடுகிறார்.