லோட் மேனேஜ்மென்ட்: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

நண்பர்களே,

விளையாட்டுச் சொற்பட்டியலில் "லோட் மேனேஜ்மென்ட்" (ஆட்டக்காரரின் உடல்மீது விழும் சுமையைக் கட்டுக்குள் வைப்பது) என்ற வரி இன்னும் காலியாகக் கிடக்கிறது. கூடைப்பந்து பற்றி எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்: சுமை மேலாண்மை, பளு மேலாண்மை. சிலர் ஒலிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிரிக்கெட் செய்திகளில் "பணிச்சுமை" புழங்குகிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எனக்குத் தயக்கம் உண்டு. பணிச்சுமை என்றால் மேசை மேல் குவிந்த கோப்புகள்தான் கண்முன் வருகின்றன. சுமை மேலாண்மை மின்வாரியத்துக்குப் போய்விட்டது. பளு என்றால் பளுதூக்குதல்.

என் முன்மொழிவு: ஆட்டச்சுமை மேலாண்மை. நீளம்தான். வெட்டிக் கொடுங்கள்.

— செ.

---

செ. ஐயா,

வெட்டுவதற்கு முன் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது.

ஒன்று, பருவம் முழுக்க ஒருவருடைய உடல்மீது விழும் சுமையை அளந்து, கூட்டியும் குறைத்தும் வைப்பது. ஆடும் நிமிடங்கள், பயிற்சியின் நீளம், எடைப்பயிற்சி, தூக்கம், பயணம் எல்லாம் இதில் அடக்கம். மற்றது, ஆடக்கூடிய நிலையில் இருக்கிற ஆளை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் உட்கார வைப்பது. காசு கொடுத்து வந்த ரசிகர் திட்டுவது இந்த இரண்டாவதைத்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அபராதம் போடுவதும் இதற்குத்தான். முதலாவதை யாரும் தடுக்கவில்லை.

அந்த லீக்கின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடமே இரண்டுக்கும் சான்று இருக்கிறது. 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை; ஒரு ஆட்டம் 48 நிமிடம். கோப்பையை வென்றதும் அவர்கள்தான். யாரையும் ஒளித்து வைக்காமல் நிமிடத்தைப் பங்கிட்டே சுமையைக் குறைத்தார்கள். ஆனால் 2012 நவம்பர் 29 அன்று மயாமியில் நடந்தது வேறு. டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய முக்கிய ஆட்டக்காரர்கள் நால்வரையும் ஆட்டத்துக்கு முன்பே ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார் பயிற்சியாளர் போபோவிச். ஐந்து இரவுகளில் அது நான்காவது ஆட்டம். நாடு முழுக்க ஒளிபரப்பு. லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தார். இரண்டையும் "ஆட்டச்சுமை மேலாண்மை" என்று எழுதினால், எதற்கு அபராதம் என்றே வாசகருக்கு விளங்காது.

ஆகவே முதலாவதற்குச் சுமைச்சீரமைப்பு. இரண்டாவதற்குக் காப்போய்வு (காப்பு + ஓய்வு).

அதே 2012 மார்ச்சில் ஒரு நாள் டங்கன் ஆடாததற்கு ஆட்டப் பதிவில் காரணம் "ஓல்ட்" என்றே அச்சாகியிருந்தது. "கிழம்" என்பதை நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

— வா.

---

> இரண்டாவதற்குக் காப்போய்வு

வேகமாகச் சொல்லிப் பாருங்கள், காப்பி குடிக்கப் போன ஓய்வு மாதிரி இருக்கிறது. "திட்ட ஓய்வு" எளிமையாக இல்லையா? அல்லது "சுழல் ஓய்வு"?

— மு.

---

மு. அவர்களுக்கு,

காப்பி வாடை இருக்கட்டும், இரண்டு நாளில் போய்விடும். திட்ட ஓய்வில் வேறு சிக்கல். ஆட்டமே இல்லாத நாளும் அட்டவணைப்படி திட்டமிட்ட ஓய்வுதான். பல முடிவுகள் திட்டமே இல்லாமல், ஆட்டத்தன்று காலைப் பரிசோதனைக்குப் பிறகு எடுக்கப்படுகின்றன. சுழல் ஓய்வு என்றால் ஆள் மாற்றி ஆள் முறை வைத்து உட்காருவது. ஒரே ஆளை மட்டும் காக்கும்போது அது பொருந்தாது. நமக்கு வேண்டிய பொருள், "ஆட முடியும், ஆனாலும் காப்பதற்காக நிறுத்தினோம்" என்பது. அது காப்பு என்ற சொல்லில்தான் இருக்கிறது.

இன்னொரு எல்லைக்கோடும் தேவை. 2018-19 பருவத்தில் கவாய் லெனார்ட் டொராண்டோ அணிக்காக 82 ஆட்டங்களில் 60 மட்டும் ஆடினார். அணி கோப்பை வென்றது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. இந்த ஆங்கிலத் தொடர் எல்லோர் வாயிலும் புகுந்தது அப்போதுதான். ஆனால் அதற்கு முந்திய பருவத்தில் தொடைத்தசைக் காயத்தால் அவர் ஆடியது 9 ஆட்டம். அடுத்து கிளிப்பர்ஸ் அணிக்குப் போனபின், 2019 நவம்பரில் அடுத்தடுத்த இரவுகளில் வந்த ஆட்டங்களில் ஒன்றில் அவர் ஆடவில்லை. முழங்காற்சில் தசைநாண் காயம் இருப்பதால் இது விதிமீறல் இல்லை என்றது லீக். அணியின் பயிற்சியாளரோ "அவர் நன்றாகவே இருக்கிறார்" என்ற பொருளில் பேசிவிட்டார். அந்த முரணுக்காக 50,000 டாலர் அபராதம். ஆடாததற்கு அல்ல, இரண்டு வாயால் பேசியதற்கு!

எனவே மூன்றாவது சொல்: காயப் பராமரிப்பு. பழைய காயத்தைக் கவனிப்பதற்காக ஆடாமல் இருப்பது இது. அறிக்கையில் எந்தப் பெயர் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அபராதம் வரலாம், வராமலும் போகலாம். தமிழில் எழுதுகிறவர் காப்போய்வையும் இதையும் குழப்பவே கூடாது.

— வா.

---

வணக்கம். உடற்பயிற்சியியல் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

சுமையையே இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். நமக்கு அகம், புறம் கைவசம் இருக்கிறது. எத்தனை குதிப்பு, எத்தனை முறை வேகமெடுத்தார், எத்தனை முறை சடாரென்று நின்றார், எவ்வளவு தூரம் ஓடினார் என்பது புறச்சுமை. அதனால் உடலுக்குள் என்ன நடந்தது என்பது அகச்சுமை: இதயத் துடிப்பு, ஆட்டக்காரரே சொல்லும் கடின மதிப்பெண். என்பிஏ ஆட்டத்தின்போது உடலில் அணியும் கருவிக்கு அனுமதி இல்லை, பயிற்சியில் அணியலாம். ஆட்டத்தில் அரங்கக் கேமராக்கள் தரும் இடக்கணக்கைத்தான் நம்ப வேண்டும். ஆகப் பயிற்சிக்கு ஒரு கருவி, ஆட்டத்துக்கு வேறொன்று. இரண்டு எண்ணையும் அப்படியே கூட்டினால் கணக்கு தப்பும்.

இரண்டிலும் ஒரே மாதிரி எடுக்கக் கூடிய அளவு கடின மதிப்பெண்தான். அமர்வு முடிந்து அரைமணி நேரம் கழித்து, 0 முதல் 10 வரை எவ்வளவு கடினமாக இருந்தது என்று கேட்பார்கள். அதை நிமிடத்தால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 630 அலகு. முடிந்த உடனே கேட்டால் கடைசி ஐந்து நிமிட மூச்சிரைப்புதான் பதிலாக வரும். அதனால்தான் அரைமணி இடைவெளி.

கடைசி 7 நாள் சுமையை அண்மைச்சுமை என்றும், கடைசி 28 நாளின் வாரச் சராசரியை நெடுஞ்சுமை என்றும் சொல்லலாம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது சுமை விகிதம். 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு, 1.5 தாண்டினால் அபாயம் என்பது ரொம்ப நாள் ஓதப்பட்ட பாடம்.

காப்போய்வு எங்கே திருப்பி அடிக்கும் என்பது இந்தக் கணக்கில் தெரியும். ஒருவர் மூன்று வாரம் 2,000 அலகு வீதம் ஆடி, நான்காம் வாரம் 2,600 ஆடினால் விகிதம் 2,600 / 2,150, அதாவது 1.21. அவரையே மூன்றாம் வாரத்தில் ஓய்வு என்று 800க்கு இறக்கிவிட்டு, நான்காம் வாரம் அதே 2,600 கொடுத்தால் சராசரி 1,850 ஆகிறது, விகிதம் 1.41. நான்காம் வாரம் ஆடியது அதே அளவுதான், ஆபத்துக் கணிப்பு மட்டும் ஏறிவிட்டது. (அண்மை வாரம் வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் சேர்ந்தே வருவதால் இந்த விகிதத்தின் அடிப்படையையே கேள்வி கேட்கிறவர்கள் பலர். அதைக் கட்டளையாகக் கொள்ளாமல் எச்சரிக்கை விளக்காக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.)

அதனால் காப்போய்வு நாள் என்றால் காலை நீட்டிப் படுக்கிற நாள் அல்ல. தசைநாண் சுமையே இல்லாமல் கிடந்தால் தாங்கும் திறன் குறைந்துவிடும். முழங்கால் தசைநாணில் வலி உள்ள மூத்தவருக்கு அன்றைக்கு அசையா இறுக்கப் பயிற்சி கொடுப்பது வழக்கம்: 45 விநாடி பிடித்து, இரண்டு நிமிடம் விட்டு, ஐந்து முறை. அதோடு குதிப்பு இல்லாத எறிபயிற்சி. தவிர்க்க வேண்டியது குதித்து இறங்குவதையும் ஓடிவந்து சடாரென நிற்பதையும்தான், மொத்த உழைப்பையும் அல்ல. திரும்பி வரும் ஆட்டத்தில் நிமிட வரம்பு வைப்பார்கள். அங்கே அடிக்கடி நடக்கிற தவறு, வரம்பின் பெரும்பகுதியை முதல் பாதியிலேயே தீர்த்துவிடுவது. பிறகு வெளியே நெடுநேரம் உட்கார்ந்து உடல் குளிர்ந்து, கடைசிக் கால்பகுதியில் அவசரமாக உள்ளே அனுப்புவார்கள். குளிர்ந்த தசையோடு முழு வேகம் எடுக்கும்போதுதான் பிடிப்பு வருகிறது.

ஒரு வேண்டுகோள்: வரையறையில் "காயத்தைத் தடுக்கும்" என்று எழுதாதீர்கள். ஆட்டங்களைத் தவிர்த்ததால் பின்னால் காயம் குறைந்ததாகத் தரவில் தெரியவில்லை என்று 2024 ஜனவரியில் லீக்கே அறிக்கை வெளியிட்டது. "காக்கும் நோக்கில்" என்று எழுதினால் போதும்.

— இரா.

---

இரா. சொன்னதைச் சேர்த்து வரைவு:

காப்போய்வு: ஆடும் தகுதியுள்ள ஆட்டக்காரரை, உடலைக் காக்கும் நோக்கில், குறிப்பிட்ட ஆட்டத்தில் ஆடவிடாமல் நிறுத்துதல்.

வினையாக: "மூத்தவர்கள் இருவருக்குக் காப்போய்வு கொடுத்தார்கள்", "காப்போய்வில் இருக்கிறார்". தலைப்பில்: "மூன்றாவது முறையாகக் காப்போய்வு: லீக் விசாரணை". இடிக்கவில்லை.

அடுத்தடுத்த இரவுகளில் வரும் இரண்டு ஆட்டங்களுக்கு "இரட்டை ஆட்டம்" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு என்று ஆகிவிடும். தொடர்நாள் ஆட்டம் என்று வைத்திருக்கிறேன்.

மூத்த ஆட்டக்காரருக்குத் தனி விதி இருக்கிறதா, வா.?

— செ.

---

இருக்கிறது. 2023-24 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, முந்தைய மூன்று பருவங்களில் ஆல்ஸ்டார் (நட்சத்திரக் காட்சி ஆட்டம்) அல்லது ஆல்-என்பிஏ (பருவத்தின் சிறந்தவர்கள் பட்டியல்) தேர்வு பெற்றவர் "நட்சத்திரம்". ஒரே ஆட்டத்தில் ஓர் அணி இரண்டு நட்சத்திரங்களுக்குக் காப்போய்வு தரக் கூடாது. நாடளாவிய ஒளிபரப்பு ஆட்டத்தில் தரவே கூடாது. முதல் மீறலுக்கு 1,00,000 டாலர், இரண்டாவதற்கு 2,50,000, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிட 10 லட்சம் கூடுதல். காப்போய்வில் இருப்பவர் அரங்குக்கு வந்து ரசிகர் கண்ணில் படவும் வேண்டும். மயாமி மாதிரி விமானம் ஏற்றிவிட இப்போது வழியில்லை.

மூத்தவருக்கான சலுகை தொடர்நாள் ஆட்டங்களில். பருவத்தின் முதல் நாளில் 35 வயது நிறைந்தவர், அல்லது வழக்கமான பருவங்களில் மொத்தம் 34,000 நிமிடம் ஆடியவர், அல்லது பிளேஆஃபும் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) சேர்த்து 1,000 ஆட்டம் முடித்தவர் என்றால், இரண்டு இரவில் ஒன்றை விடுவதற்கு அணி முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேட்கலாம். ஒரு வாரம் முன்பாவது எழுத வேண்டும். இதற்கு "மூப்புச் சலுகை" என்று எழுதினால் வயது மட்டும் என்று ஆகும். நிமிடக் கணக்கும் உண்டே. "உழைப்பு மூப்பு" எப்படி?

இன்னொன்று, சிறந்த ஆட்டக்காரர் போன்ற பெரிய விருதுகளுக்கு இப்போது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 82இல் 17 வரைதான் விடலாம். லெனார்டின் 60 இன்று போதாது. சுமைச்சீரமைப்புத் திட்டம் போடுகிறவர் பருவத் தொடக்கத்திலேயே இந்த 17ஐ எங்கெங்கே செலவழிப்பது என்று பார்க்கிறார். உண்மையான காயம் வந்தால் அதுவும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் கழியும்.

— வா.

---

உழைப்பு மூப்பு நன்று. காப்போய்வுக்கும் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். பருவக் கடைசியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் அடுத்த தேர்வுக் குலுக்கலில் (தோல்வி கூடினால் அதில் வாய்ப்பும் கூடும்) நல்ல இடம் வேண்டும் என்று ஆட்டக்காரரை உட்கார வைக்கிறதே, அதுவும் காப்போய்வா?

— மு.

---

இல்லை. அங்கே காக்கப்படுவது உடல் அல்ல, அணியின் தோல்விக் கணக்கு. வரையறையில் "உடலைக் காக்கும் நோக்கில்" என்று இருப்பதால் தானாகவே வெளியே போய்விடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். "தோல்வி நாட்டம்" என்று ஒன்று என்னிடம் இருக்கிறது, ஆனால் முழுத் திருப்தி இல்லை.

— வா.