மலாவி கிராமப் பள்ளி ஊழியம்: மூத்த தம்பதி முதலில் எதைக் கையில் எடுக்கலாம்?

கூடாரவாசி:
சபை மூலமாக 66, 63 வயதுத் தம்பதி ஒருவர் 18 மாத ஊழியத்துக்கு மலாவி போகிறார்கள். ஐயா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ். போகும் தொடக்கப்பள்ளியில் அஃப்ரிடெவ் கைப்பம்பில் தண்ணீர் நூலாக வருகிறதாம். கழிப்பறையும் போதாது. புது போர்வெல்லுக்குப் பணம் திரட்டலாமா?

பம்படி:
போர்வெல் பேச்சை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் நூலாக வந்தால் பெரும்பாலும் பிஸ்டனின் யூ-சீல் தேய்ந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சின்ன ரப்பர் அது.

முதலில் அளந்து பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறியிறங்கும் வீச்சு 225 மி.மீ., அதாவது முழு அடிக்கு 0.44 லிட்டர். 40 முழு அடிக்குச் சுமார் 17 லிட்டர் விழவேண்டும். எவ்வளவு நேரம் அடித்தாலும் பாதிதான் என்றால் சீல். காலையில் வெறும் அடியாகப் பல அடி அடித்த பிறகு நன்றாக ஊற்றினால், அடிவால்வின் (சிலிண்டரின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுப்பது) பாபின் என்ற அடைப்பான் அல்லது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இரவெல்லாம் கசிந்திருக்கிறது. குழாய் இணைப்பிலும் கசியலாம். நன்றாக வந்து, குறைந்து, அரைமணி விட்டால் மறுபடி வருகிறதா? அப்போதுதான் போர்வெல் கிணற்றைச் சந்தேகப்படவேண்டும்.

இந்தப் பம்பில் குழாயை உருவ வேண்டியதில்லை. ஒரே ஸ்பானரில் மேல்பகுதியைக் கழற்றி, ராடுகளை எடுத்தால் பிஸ்டன் கூடவே வந்துவிடும். புதுச் சீலின் உதடு மேல்நோக்கி இருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் தண்ணீர் ஏறாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

மூடுமுன் குளோரின். 110 மி.மீ. விட்டமுள்ள கிணற்றில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 285 லிட்டர். 70 சதவீதக் குளோரின் தூள் 20 கிராமை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இரவு முழுக்க விட்டு, வாடை போகும்வரை அடித்துக் கொட்டுங்கள். அதுவரை பிள்ளைகள் குடிக்காமல் கைப்பிடியைக் கட்டி வையுங்கள்.

ராடு தூக்குவது ஐயாவின் வேலையல்ல. அந்த வட்டாரத்துப் பம்பு மெக்கானிக்கை வைத்துச் செய்யட்டும். கணக்கு வாத்தியாருக்கு வேறு வேலை இருக்கிறது: பம்பைப் பராமரிக்கக் காசு வசூலிக்கும் தண்ணீர்க் குழுவின் வசூல் நோட்டு. ஒரு செட் சீல், பாபின், கைப்பிடித் தாங்கிப் புஷ் வாங்கிப் பள்ளி அலமாரியில் வைக்க அந்தக் காசு போதும். நோட்டு இல்லாத ஊரில் பம்பு மறுபடி நிற்கும்.

மண்வெட்டி:
கழிப்பறைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 25 மாணவிகளுக்கு ஒன்று, 50 மாணவர்களுக்கு ஒன்றும் ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும். காசு குறைவென்றால் மாணவிகளுக்கு முதலில் கட்டுங்கள், உள்தாழ்ப்பாளோடு. மாதவிடாய்த் தேவைகளைப் பள்ளியின் தாய்மார் குழுவோடு அம்மா பேசினால் காரியம் நடக்கும்.

1970களில் ஜிம்பாப்வேயில் உருவான காற்றுக்குழாய்க் கழிப்பறையே (குழியிலிருந்து கூரைக்கு மேல் குழாய் போகும் குழிக் கழிப்பறை) பொருத்தம். குழி கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீருக்கு 2 மீட்டர் மேலே. குழாய் கூரைக்கு மேல் அரை மீட்டர் நிற்கவேண்டும். குழாய் உச்சியில் ஈயைத் தடுக்கும் வலை இரும்பில் வேண்டாம், குழிவாயுவில் துருப்பிடித்துப் பொத்தலாகும். அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள்.

கூடாரவாசி:
நன்றி. குழிக்கு மூடி போட்டால் நாற்றம் குறையுமே?

மண்வெட்டி:
இந்த வகைக்கு மூடி ஆகாது சகோ. குழி வாயில் நுழையும் காற்றுதான் குழாய் வழியே நாற்றத்தை மேலே கொண்டுபோகிறது. உள்ளே இருட்டாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் ஈ குழாய் உச்சியின் வெளிச்சத்தைத் தேடிப் போய் வலையில் மாட்டும். ஜன்னல் வைத்தால் அத்தனையும் பிள்ளைகளிடம் வரும்.

மருந்துப்பெட்டி:
புறப்படுமுன் அவர்கள் உடம்பு. 60 தாண்டியவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முதன்முறை போடும்போது கடும் பக்கவிளைவு வாய்ப்பு அதிகம். விமானம் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாகப் போகிறதா, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து, ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்டபிறகே டிக்கெட் போடுங்கள். மலேரியா மாத்திரையில் மெஃப்ளோகுவின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு ஒத்துவராது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் டாக்ஸிசைக்ளின் என்ற மலேரியா மாத்திரை எடுத்தால் ரத்தம் கூடுதலாக இளகும். டாக்ஸிசைக்ளினை ஊர் திரும்பியபின்னும் 4 வாரம் தொடரவேண்டும்; இன்னொரு மலேரியா மாத்திரையான அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். ஏரியில் கால் நனைக்கவேண்டாம், நத்தைக் காய்ச்சல் புழு தோல் வழியே ஏறும்.