எம்ஜிபி காருக்கு அசல் ஜாக்கி எது?

கானாடுகாத்தான் வீட்டில் பெரியப்பாவின் 1967 எம்ஜிபி (MGB, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) நிற்கிறது. டிக்கியில் ஜாக்கி இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு ஜாக்கி பார்த்தேன். ஒன்று குட்டையான பாட்டில் ஜாக்கி. மற்றது நெட்டுக்குத்தான தண்டு, பக்கவாட்டில் நீண்ட கை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதுதான், தம்பி. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) தகட்டில் ஒரு துளை இருக்கும். அந்தக் கை அதற்குள் நுழைய வேண்டும். ஜாக்கியின் மேல்முனை சற்று வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். கார் எழும்ப எழும்ப நிமிர்ந்துகொள்ளும்.

இன்னொரு பதில்: முதலில் துளையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். துருவேறியிருந்தால் அசல் ஜாக்கியே தகட்டைக் கிழித்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள்!

கேட்டவர்: நன்றி அண்ணன். கை கச்சிதமாக நுழைகிறது. இடப்பக்கத் துளையில் துரு உதிர்கிறது, வெல்டரிடம் சொல்லிவிட்டேன்.