டொலுயீன் (எளிதில் பற்றும் கரைப்பான்) இருக்கும் ரியாக்டரில் நிலைமின் பொறியும் மேன்ஹோல் தீயும்: அனுபவப் பகிர்வு

பி_ஷிஃப்ட்
3000 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரியாக்டர் (ரசாயனம் கலக்கற கலன்). உள்ளே 1200 லிட்டர் டொலுயீன், 32 டிகிரி, அஜிடேட்டர் (கலக்கி) ஓடுது. ரியாக்டரோட மேல்வாயான மேன்ஹோல் வழியா 25 கிலோ பைகள்ல இருந்து பொடி கொட்டுறாங்க. பைக்குள்ள சாதா பாலிதீன் லைனர். ஆறு பை ஒழுங்கா போச்சு. ஏழாவதுல, ஒட்டியிருந்த பொடி விழட்டும்னு லைனரைத் தலைகீழா உதறினதும் 'பொக்'னு ஒரு சத்தம். மேன்ஹோல் வட்டம் முழுக்க ஆள் உயரத்துக்குத் தீ. கொட்டின ஆபரேட்டருக்கு முன்கையும் முகமும் வெந்தது. விசாரணை அறிக்கையில் காரணம் 'எர்த்திங் குறைபாடு'. ரியாக்டர் பாடியை மீட்டர் வெச்சுப் பார்த்தா 2 ஓம், நல்ல எர்த்! அப்போ எந்த எர்த்ல குறைபாடு?

கண்டென்சர்
ரியாக்டருக்கு எர்த் இருக்கு, லைனருக்கு எங்கே இருக்கு? பாலிதீன் மின்கடத்தாது, அதுல எர்த் கிளாம்ப் மாட்டினாலும் உதறினப்போ சேர்ந்த நிலைமின் சார்ஜ் இறங்காது. ரப்பர் கம்பூட்டோட எபாக்சி தரையில நிக்கற ஆளும் ஒரு கெப்பாசிட்டர்தான்: 200 பிகோஃபாரட், 10,000 வோல்ட்னா 10 மில்லிஜூல். டொலுயீன் ஆவி பற்ற 0.24 மில்லிஜூல் போதும். அதுக்கு மேல நம்ம வெயில். 30 டிகிரியில் திரவத்துக்கு மேல நிறையற ஆவி கிட்டத்தட்ட 5 சதவீதம். காத்துல ஆவி பற்றும் வரம்பு 1.1 முதல் 7.1 சதவீதம். நட்ட நடுவுல நிக்குது. ஹெக்ஸேன்னா உள்ளே வரம்பைத் தாண்டிடும், ஆனா மேன்ஹோல் வாயில காத்தோட கலந்து மறுபடி வரம்புக்குள்ள வந்துடும்.

யூட்டிலிட்டி_பிளாக்
ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் போட்டாங்களா இல்லையா?

பி_ஷிஃப்ட்
பி.எம்.ஆர்.ல (பேட்ச் உற்பத்திப் பதிவேடு) டிக் இருக்கு. மூடி திறக்கறதுக்கு முன்னாடி போட்டது. ஒவ்வொரு பை பொடியும் காத்தை இழுத்துக்கிட்டே இறங்குது. ஆறு பைக்கு அப்புறம் உள்ளே ஆக்சிஜன் எவ்வளவுன்னு யாரும் அளக்கல.

கிளாஸ்_லைன்
இங்கே நடந்தது கண்ணாடிப் பூச்சு ரியாக்டர்ல. டிப் பைப் (திரவத்துக்குள்ள மூழ்கற வரைக்கும் இறங்கற குழாய்) உடைஞ்சுபோய், மாற்று வர்ற வரைக்கும் மேல் நாசில்ல இருந்தே டொலுயீன் அருவி மாதிரி கொட்டுது. லைன்ல 5 மைக்ரான் ஃபில்டர், ரியாக்டரை ஒட்டினாப்புல. டொலுயீன் விட்டு முடிஞ்ச கையோட சாம்பிளுக்கு நைலான் கயித்துல ஸ்டீல் டப்பா இறக்கினாங்க. திரவத்தைத் தொடறதுக்கு முன்னாடியே 'சடக்'னு ஒரு பொறி. நைட்ரஜன் ஓடிட்டிருந்ததால பற்றல. பாடி எர்த் இங்கே திரவத்தைத் தொடவே தொடாது. டான்டலம் பிளக் (கண்ணாடிப் பூச்சுல பதிச்ச உலோகத் துண்டு) அல்லது அடி வால்வு வழியாத்தான் சார்ஜ் இறங்கணும். மேலே இருந்து கொட்டினதுதான் வினை.

கண்டென்சர்
கொட்டினது பாதிதான் சார். பெரிய குற்றவாளி ஃபில்டர். நுண் ஃபில்டரைத் தாண்டின டொலுயீன், அதுல ஏறின சார்ஜ் இறங்க, குழாய்க்குள்ள குறைஞ்சது 30 நொடியாவது இருந்துட்டு ரியாக்டருக்குள்ள போகணும். ஒட்டினாப்புல ஃபில்டர் வெச்சா அந்த நேரம் எங்கே கிடைக்கும்? டிப் பைப் இருந்திருந்தாலும் டப்பா 'சடக்'னு சொல்லியிருக்கும்.

ஈ.எச்.எஸ்_பழசு
யாரும் கேட்கல, இருந்தாலும் எழுதறேன். 'எர்த் இருந்துச்சு'ன்னு சொல்றப்போ எதுக்கு இருந்துச்சுன்னு கேளுங்க. 2007 அக்டோபர் 29, அமெரிக்காவின் டெ மொய்ன், பார்ட்டன் சால்வன்ட்ஸ். ஸ்டீல் தொட்டியில எத்தில் அசிடேட் நிரப்பறாங்க. நாசில் நழுவாம இருக்க அதுல ஒரு இரும்பு எடை தொங்குது. நாசிலும் ஹோஸோட உலோகப் பாகங்களும் எர்த்தோட இணைக்கப்படல. தீ.

பொடியும் டொலுயீனும் சேரணும்னா முதல் கேள்வி: வரிசையை மாத்த முடியுமா? காஞ்ச ரியாக்டர்ல பொடியை முதல்ல போட்டு, மூடி, நைட்ரஜனை 2 பார் கேஜ் (காத்தழுத்தத்துக்கு மேல 2 பார்) வரைக்கும் ஏத்தி இறக்குங்க. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூணுல ஒரு பங்காகும்: 21, 7, 2.3, 0.8. மூணு சுற்று போதும். டொலுயீன் பற்ற ஏறத்தாழ 9.5 சதவீதம் ஆக்சிஜன் வேணும். அலாரத்தை 5-லயே வைங்க. அப்புறம் டிப் பைப்ல டொலுயீன், பைப் முனை மூழ்கற வரைக்கும் நொடிக்கு 1 மீட்டர். 2 இஞ்ச் லைன்ல அது நிமிஷத்துக்கு 118 லிட்டர். 1200 லிட்டரையும் அதே வேகத்துல விட்டாக்கூட பத்து நிமிஷம்தான். இந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லா புரொடக்‌ஷன் மேனேஜரும் சண்டைக்கு வர்றாங்க.

ரெசிப்பி இடம் கொடுக்கலைன்னா மூடின முறைதான்: இரட்டை வால்வு ஹாப்பர், நடுவுல நைட்ரஜன். திறந்த மேன்ஹோல்ல பை கொட்டறதை எந்தக் கிளாம்ப்பும் பாதுகாப்பாக்காது.

யூட்டிலிட்டி_பிளாக்
நைட்ரஜன்னு எல்லாரும் சுலபமா எழுதறீங்க. பர்ஜ் ஓடற மேன்ஹோல்ல தலையைக் குனிஞ்சு எட்டிப் பார்த்தா ரெண்டு மூச்சுல விழுந்துடுவாங்க, உள்பக்கமாவே. மேன்ஹோல்ல கிரில், பக்கத்துல ஆக்சிஜன் மீட்டர், இதை யாரும் சொல்லல.

பி_ஷிஃப்ட்
கிரில் இருந்துச்சு சார், பை மாட்டுதுன்னு கழட்டி வெச்சிருந்தாங்க. ஜம்போ பைக்கு மாறப்போறாங்க இப்போ, டைப் டி (எர்த் மாட்டாமலே நிலைமின் சார்ஜைக் கரைக்கற துணி). அதுல பிரச்சினை வராதுல்ல?

கண்டென்சர்
டைப் டி பைக்குள்ள அதே சாதா பாலிதீன் லைனரைப் போட்டா டைப் டி-ன்னு வாங்கினதே வீண். லைனர் எதுன்னு முதல்ல சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்குங்க.