பாரிஸ் 8 பல்கலைக்கழகம் முதலில் இருந்த, பாரிஸ் ஓரத்து வென்சென் காட்டில் படித்தவர்கள் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?

பகல் வேலை, பின்னேரம் பாரிஸ் 8 இல் வகுப்பு என்று ஓடிய காலத்தில், சென்-தெனி கம்பஸ் நூலகத்தில் வயதான பிரெஞ்சு அம்மா ஒருவரோடு பழக்கமானது. தான் படித்தது இங்கே இல்லை, வென்சென்னில் என்றா. தபால் கந்தோரில் வேலை செய்துகொண்டே, பக் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எடுக்காமல் சேர்ந்தவ.

அவவின் கதையைக் கேட்ட பிறகுதான் தேடித்தேடி வாசித்தேன். 1968 மே மாத மாணவர், தொழிலாளர் போராட்டம் அடங்கிய கையோடு, கல்வி அமைச்சர் எட்கார் ஃபோர் காலத்தில் வென்சென் காட்டுக்குள் கட்டடங்கள் எழும்பின. 1969 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. பக் இல்லாத தொழிலாளிக்கும் இடம் உண்டு, வேலை முடிந்து வருவோருக்கு இரவிலும் வகுப்பு உண்டு. தத்துவத் துறையைக் கட்டியெழுப்பியவர் தத்துவவாதி மிஷேல் பூக்கோ. 1970 இல் அந்தத் துறைப் பட்டத்துக்குத் தேசிய அங்கீகாரம் இல்லை என்று அமைச்சு சொல்லிவிட்டது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. இன்னொரு தத்துவவாதி ஜில் தெலூஸின் செவ்வாய்க்கிழமை வகுப்பில் கதிரை கிடைக்காமல் நிலத்தில் இருந்து கேட்டிருக்கிறா இந்த அம்மா. பட்டத்துக்காக வரவில்லை, கேட்பதற்காகவே வந்தோம் என்று சொன்னபோது அவவின் முகத்தில் இருந்த பெருமையை மறக்க ஏலாது.

சில ஆயிரம் பேருக்காகக் கட்டிய இடத்தில் கடைசிக் காலத்தில் 30,000 பேருக்கு மேல். 1980 கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி, பல்கலைக்கழகத்தைச் சென்-தெனிக்கு மாற்றினார்கள். அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது சொல்லியிருந்தால் எழுதுங்கோ.

*

அண்ணா, நான் புதுச்சேரி. பாரிஸ் 8-இல் பெண்ணியல் படித்தேன். அந்தத் துறையை 1974-இல் வென்சென்னிலேயே தொடங்கியவர் எழுத்தாளர் எலென் சிக்சூ. பிறகு அரசு முனைவர் பட்ட அனுமதியைப் பறித்தது, மித்தெரான் ஜனாதிபதியாக ஆட்சிக்கு வந்த பின்தான் திரும்பக் கிடைத்தது. அந்த நாட்களைப் பார்த்த பேராசிரியை ஒருவர் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு பழைய இடத்தைத் தேடிக் காட்டுக்குப் போனோம். மரமும் புல்லும்தான். ஒரு சுவர்கூட மிச்சமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

*

நன்றி தங்கச்சி. இதை வாசிக்கிற, இங்கே வந்து படிப்பைத் தொடர முடியாமல் போன உறவுகளுக்கு ஒன்று: பக் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகம் போக 'தே-ஆ-எ-யு' என்றொரு தேசியச் சான்றிதழ் இருக்கிறது. பாரிஸ் 8 இலும் அதற்குப் படிக்கலாம். 13ஆம் இலக்க மெற்றோவில் சென்-தெனிப் பக்கக் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் வாசலுக்கு எதிரேதான். றெஸ்ரோறன்ற் வேலையோடு இதை முடித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கோ. இரண்டு பேர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.